ஆப்ஷன் விலை, ரிஸ்க், டேட்டா ஸ்ட்ரக்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரோகிராம் எழுதத் தெரிந்து பங்குச் சந்தைக் கணக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு பக்கம், நிதிக் கணக்கு தெரிந்து புரோகிராம் எழுத வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். கல்லூரியில் இவை வேறு வேறு பாடங்கள், வேலைக்கு வந்தால் பிரிக்கவே முடியாது. விலையையும் நஷ்டத்தையும் மெமரியில் எந்த வடிவத்தில் வைக்கிறோமோ, அந்த வடிவத்துக்குள் சந்தையைப் பற்றிய நம் நம்பிக்கை ஒன்று ஒளிந்திருக்கும். அந்த நம்பிக்கை பொய்க்கிற அன்றைக்குக் கணக்கும் புரோகிராமும் சேர்ந்தே கவிழும்.

பங்கு ஏறும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தால், கால் ஆப்ஷனுக்கு அதிக விலை போட வேண்டாமா?

வேண்டாம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரிந்துவிடும், அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு பங்கு இன்று 100 ரூபாய். அடுத்த மாதம் 110 ஆகும், இல்லை 90 ஆகும், வேறு எதுவும் நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி இப்போதைக்குச் சுழி. 100 ரூபாய்க்கு அந்தப் பங்கை வாங்கும் உரிமையை, அதாவது 100 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை, நீங்கள் விற்கிறீர்கள். பங்கு 110 ஆனால் நீங்கள் 10 ரூபாய் தர வேண்டும். 90 ஆனால் ஒன்றும் தர வேண்டாம். ஏறுவதற்கு 80 சதவீதம் வாய்ப்பு என்று நினைக்கிறவர், 10-ல் 80 சதவீதம், ஆக விலை 8 ரூபாய் என்பார்.

இப்போது இதைப் பாருங்கள். அரைப் பங்கு வாங்க 50 ரூபாய் ஆகும். அதில் 45 ரூபாயைக் கடன் வாங்கிக்கொண்டால் கையிலிருந்து போவது 5 ரூபாய்தான். பங்கு 110 ஆனால் அரைப் பங்கின் மதிப்பு 55, கடன் 45 போக மிச்சம் 10. பங்கு 90 ஆனால் அரைப் பங்கு 45, கடனைக் கட்டினால் சரியாகப் போயிற்று, மிச்சம் சுழி. இது அப்படியே அந்த கால் ஆப்ஷன் தருகிற பணம். 5 ரூபாயில் செய்து முடிக்கிற ஒன்றை 8 ரூபாய்க்கு வாங்க ஒருவர் தயாராக இருந்தால், எதிரில் இருப்பவர் ஒரு ரிஸ்க்கும் இல்லாமல் 3 ரூபாயைப் பையில் போட்டுக்கொள்வார். ஆகவே விலை 5. ஏறும் வாய்ப்பு 80 சதவீதமா 20 சதவீதமா என்பது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

அந்த அரைப் பங்குக்குப் பெயர் டெல்டா. 110-க்கும் 90-க்கும் 50-50 வாய்ப்பு என்று பாவித்துச் சராசரி எடுத்தாலும் அதே 5 கிடைக்கும். இந்த 50 சதவீதம் உண்மையான வாய்ப்பு கிடையாது, கணக்கைச் சுலபமாக்க உண்டாக்கிக்கொண்ட வாய்ப்பு. ரிஸ்க்-நியூட்ரல் என்று சொல்வது இதைத்தான். புரோகிராமில் இருக்கிற வேரியபிளின் பெயரைப் பார்த்துவிட்டு, "ஏறுவதற்கு 50 சதவீதம் வாய்ப்பு என்று மாடல் சொல்கிறது" என்று மேலதிகாரிக்கு மெயில் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதை பைனாமியல் ட்ரீ என்கிறார்களே, ட்ரீ என்றால் நோடு (கிளை பிரியும் புள்ளி), பாயின்டர் (அடுத்த நோடு எங்கே என்று காட்டும் முகவரி) எல்லாம் வைத்து எழுத வேண்டுமா?

பெயரைப் பார்த்து ஏமாறுகிற இடம் இது. காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் ஆகிய மூவரும் 1979-ல் கொடுத்த முறை இது. ஒவ்வொரு கட்டத்திலும் விலை ஒரு விகிதத்தில் ஏறும் அல்லது ஒரு விகிதத்தில் இறங்கும். நிஜமான பைனரி ட்ரீயாக எழுதினால் 100 கட்டம் தாண்டிய பிறகு கடைசி வரிசையில் 2-ன் 100-வது அடுக்கு நோடுகள் இருக்கும். அதற்கு இடம் கொடுக்கும் கம்ப்யூட்டர் உலகத்தில் இல்லை.

தப்பிக்கும் வழி, ஏறி இறங்கினாலும் இறங்கி ஏறினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதுதான். 100 ஏறி 110 ஆகி, 10 சதவீதம் இறங்கினால் 99. இறங்கி 90 ஆகி, 10 சதவீதம் ஏறினாலும் 99. ஆக இரண்டாம் கட்டத்தில் நான்கு விலை இல்லை, மூன்றுதான்: 121, 99, 81. நூறாம் கட்டத்தில் 101 விலைகள். எல்லாக் கட்டங்களையும் கூட்டினாலும் 5,151 நோடுகள்தான்.

அதிலும் அத்தனையும் ஒரே நேரத்தில் தேவையில்லை. கடைசிக் கட்டத்தின் 101 மதிப்புகளை ஒரு அரேயில் (எண்களை வரிசையாக அடுக்கி வைக்கும் இடம்) போட்டு, பக்கத்துப் பக்கத்து இரண்டைச் சராசரி எடுத்து அதே அரேயிலேயே மேலெழுதிக்கொண்டு பின்னோக்கி வந்தால் போதும். 100 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனுக்கு இரண்டு கட்டத்தில்: கடைசி வரிசை 21, 0, 0. ஒரு படி பின்னால் 10.50, 0. இன்னொரு படி பின்னால் 5.25. அதுதான் விலை. மொத்த மெமரியும் ஒரே ஒரு அரே. பாயின்டருக்கு வேலையே இல்லை.

அப்படியானால் அரே எப்போதும் போதுமா?

போதாது. அது எப்போது உடைகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நடுவில் 5 ரூபாய் டிவிடெண்ட் வருகிறது என்று வையுங்கள். 110 ஆன பங்கு டிவிடெண்ட் கழிந்து 105, அது 10 சதவீதம் இறங்கினால் 94.50. 90 ஆன பங்கு 85, அது 10 சதவீதம் ஏறினால் 93.50. இரண்டும் ஒட்டவில்லை, ஒரு ரூபாய் இடைவெளி விட்டுப் பிரிந்துவிட்டன. மூன்று விலை இருந்த இடத்தில் இப்போது நான்கு. ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் இப்படிக் கிளை பிரிந்தால் பழைய பூதம் திரும்ப வந்துவிடும்.

ஏற்ற இறக்க விகிதம், அதாவது வோலட்டிலிட்டி, நாளுக்கு நாள் விலைக்கு ஏற்ப மாறும் என்று வைத்தாலும் இதே கதிதான். ஆக, "நான் ஒரு அரேயில் போட்டுவிட்டேன்" என்று சொல்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, "வோலட்டிலிட்டி மாறாது, நடுவில் ரொக்கமாக எதுவும் கழியாது" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். டிவிடெண்டை ரூபாயாக வைக்காமல் விலையில் இத்தனை சதவீதம் என்று வைத்தால் கிளைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வேலைக்கு ஆகும், ஆனால் கம்பெனி அறிவிப்பது ரூபாய்க் கணக்கில்தானே? கணக்கை மெமரிக்குள் அடக்குவதற்காக உலகத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொள்கிறோம். வளைத்திருக்கிறோம் என்பதை எங்காவது எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர் பிழைத்துக்கொள்வார்.

பிளாக்-ஷோல்ஸ் ஃபார்முலா 1973-லேயே வந்துவிட்டது. ஒரே வரியில் விலை வருகிறது. ட்ரீ எதற்கு?

எக்ஸ்பயரி, அதாவது ஒப்பந்தம் முடியும் நாள், அன்றைக்கு மட்டும் உரிமையைப் பயன்படுத்தலாம் என்றால் ஃபார்முலா போதும். அது ஐரோப்பிய வகை. நடுவில் எந்த நாளிலும் பயன்படுத்தலாம் என்றால் அமெரிக்க வகை. அதில் ஒவ்வொரு நோடிலும் "இப்போதே பயன்படுத்தினால் என்ன கிடைக்கும், வைத்திருந்தால் என்ன மதிப்பு" என்று ஒப்பிட்டுப் பெரியதை எடுக்க வேண்டும். ஃபார்முலாவுக்குள் இந்தக் கேள்வியைக் கேட்க இடமில்லை. ட்ரீயில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

எவ்வளவு வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்டால், மேலே உள்ள இரண்டு கட்ட உதாரணத்திலேயே பார்க்கலாம். வட்டியைக் கட்டத்துக்கு 5 சதவீதம் என்று வையுங்கள் (நிஜத்தில் இவ்வளவு இருக்காது, வித்தியாசம் கண்ணில் படுவதற்காக). 100 ஸ்ட்ரைக் புட் ஆப்ஷன், அதாவது 100 ரூபாய்க்குப் பங்கை விற்கும் உரிமை. விலை 90-க்கு இறங்கிய நோடில் வைத்திருந்தால் மதிப்பு 5.24, இப்போதே பயன்படுத்தினால் 10. ஐரோப்பிய வகைக்கு இன்றைய விலை 1.42 ரூபாய், அமெரிக்க வகைக்கு 2.55. சின்ன வித்தியாசமில்லை.

நம் ஊர் விஷயம் ஒன்று: என்எஸ்இ-யில் (தேசிய பங்குச் சந்தை) தனிப் பங்குகளின் ஆப்ஷன்கள் முன்பு அமெரிக்க வகையாக இருந்து பிறகு ஐரோப்பிய வகைக்கு மாறின. திரையில் சிஇ, பிஇ என்று பார்க்கிறீர்களே, அந்த "இ" ஐரோப்பிய வகையைக் குறிப்பதுதான். பழைய டேட்டாவைத் தோண்டினால் சிஏ, பிஏ என்று இருக்கும். இரண்டையும் ஒரே ஃபார்முலாவில் போட்டுவிட்டு "அந்தக் காலத்தில் புட் எல்லாம் விலை கூடுதலாக இருந்திருக்கிறது, இதில் ஏதோ வாய்ப்பு இருக்கிறது" என்று கண்டுபிடிக்காதீர்கள்.

மான்டே கார்லோ, அதாவது விலைப் பாதைகளைத் தற்செயலாக உண்டாக்கிச் சராசரி எடுக்கும் முறை, எப்போது?

விலை வந்த பாதையைப் பொறுத்துப் பணம் மாறும்போது. உதாரணமாக வருடம் முழுவதற்குமான சராசரி விலையை வைத்துத் தீர்வு செய்கிற ஆப்ஷன். 1 லட்சம் பாதை, ஒவ்வொன்றிலும் 252 நாள், ஒரு எண்ணுக்கு 8 பைட் என்று எல்லாவற்றையும் சேமித்தால் 200 எம்பி ஆகும். சேமிக்கவே வேண்டாம். இப்போதைய விலை, இதுவரையிலான கூட்டுத்தொகை, இந்த இரண்டு எண் போதும், பாதைக்கு 16 பைட். ஆனால் அதே ஆப்ஷனை நடுவில் பயன்படுத்தும் உரிமையும் உண்டு என்றால், லாங்ஸ்டாஃப்-ஷ்வார்ட்ஸ் முறையில் பின்னோக்கி வர வேண்டியிருக்கும், அப்போது பாதைகள் கையில் இருந்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி மாறினால் மெமரி எவ்வளவு ஆகும் என்பது மாறுகிறது. துல்லியம் பற்றி ஒன்றே ஒன்று: பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பாதை வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு வேண்டும்.

ஆர்டர் புக்குக்கு (சந்தையில் காத்திருக்கும் வாங்கும், விற்கும் ஆர்டர்களின் பட்டியல்) எந்த டேட்டா ஸ்ட்ரக்சர்? நேர்முகத் தேர்வில் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

கேட்பார்கள், ஏனென்றால் ஒரே ஸ்ட்ரக்சரில் முடிகிற வேலை இல்லை இது. விதி என்ன? நல்ல விலை சொன்னவருக்கு முதல் மரியாதை, ஒரே விலை என்றால் முதலில் வந்தவருக்கு. ஆக ஒவ்வொரு விலைக்கும் ஒரு வரிசை வேண்டும்.

வரிசை என்றதும் சாதாரண க்யூ என்று எழுதிவிடுவார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் வருகிற ஆர்டர்களில் பெரும்பகுதி வர்த்தகமாகாமல் ரத்தாகிறவை. நடுவில் நிற்கிற ஒருவர் வரிசையை விட்டு விலகுகிறார் என்றால், அவரைத் தேடிக்கொண்டு முன்னாலிருந்து நடந்து போக முடியாது. அதனால் இரு பக்கமும் இணைப்புள்ள லிங்க்டு லிஸ்ட். ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் அந்த நோடு எங்கே என்று சொல்ல ஒரு ஹாஷ் டேபிள். ரத்து வந்ததும் நேராகப் போய் முன்னாலிருப்பவரையும் பின்னாலிருப்பவரையும் கைகோர்த்துவிட்டு வந்துவிடலாம். அளவைக் கூட்டி மாற்றினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், குறைத்தால் இடம் போகாது என்பது பொதுவான விதி. இதைச் சொன்னால் கேட்பவர் முகம் மலரும்.

இனி விலைகளை எப்படி வைப்பது? புத்தகம் சமநிலைப் பைனரி ட்ரீ என்று சொல்லும். தப்பில்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள்: 500 ரூபாய்ப் பங்கு, ஒரு நாளில் 20 சதவீதத்துக்கு மேல் நகரக் கூடாது என்று விலை வரம்பு, டிக், அதாவது விலை நகரும் மிகச் சிறிய படி, 5 பைசா. 400 முதல் 600 வரை சாத்தியமான விலைகள் மொத்தம் 4,001. அவ்வளவுதான். ஒரு அரே எடுத்து, விலையையே இன்டெக்ஸ் ஆக்கிவிட்டால் தேடல் என்ற பேச்சே இல்லை, கேச்சுக்கும் அதுதான் பிடிக்கும். சிறந்த வாங்கும் விலை எது, விற்கும் விலை எது என்று இரண்டு எண்ணைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அரேக்குள்ளும் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன: வரம்பு உண்டு, டிக் மாறாது. எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் சந்தை) இருக்கும் பங்குகளுக்கு நிலையான வரம்பு கிடையாது, நாளுக்குள்ளேயே தளர்த்துவார்கள். டிக்கும் மாறும். 2024 ஜூனில் 250 ரூபாய்க்குக் கீழ் உள்ள பங்குகளுக்கு என்எஸ்இ 5 பைசாவிலிருந்து 1 பைசாவாகக் குறைத்தது. 5 என்று கோடுக்குள் நேரடியாக எழுதி வைத்தவர்களுக்கு அன்றைக்கு நல்ல வேலை.

விலையை ஏன் ஃப்ளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை) வைக்கக் கூடாது என்கிறார்கள்?

பணத்தை எண்ணுகிற இடத்தில் வைக்கக் கூடாது, பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கம்ப்யூட்டர் 0.3 என்று ஒத்துக்கொள்ளாது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மாடலுக்குள் வோலட்டிலிட்டி, டெல்டா போன்றவற்றுக்கு ஃப்ளோட் தாராளமாகப் போடலாம், அங்கே கணக்கே தோராயம்தான்.

சின்னப் பிழை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வான்கூவர் பங்குச் சந்தைதான் உதாரணம். 1982 ஜனவரியில் 1,000 புள்ளியில் ஒரு குறியீட்டைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் குறியீட்டைத் திருத்தி, மூன்று தசம இடத்துக்கு மேல் வருவதை வெட்டிவிட்டார்கள், கிட்டிய எண்ணுக்கு முழுமையாக்கவில்லை. ஒரு வெட்டுக்குச் சராசரியாக 0.0005 புள்ளி போகும். நாளுக்கு 3,000-ஐ ஒட்டிய திருத்தங்கள். பெருக்கிப் பாருங்கள், நாளுக்கு ஒன்றரைப் புள்ளி அளவுக்குத் தானாகக் கரைகிறது. சந்தை நன்றாகவே போய்க்கொண்டிருந்தபோது குறியீடு மட்டும் 1983 நவம்பரில் 520 சொச்சத்துக்கு வந்து நின்றது. சரியாகக் கணக்கிட்டபோது வந்தது 1,098 சொச்சம். வெட்டும்போது பிழை எப்போதும் ஒரே பக்கம் விழும். முழுமையாக்கினால் இரு பக்கமும் விழுந்து ஓரளவு கழிந்துவிடும். ஒரே ஒரு ஃபங்ஷன் பெயர் வித்தியாசம்.

விலை எப்போதும் பாசிட்டிவ்தானே? அன்சைன்டு இன்டிஜர் (மைனஸ் வைக்க இடமில்லாத முழு எண்) போடலாமா?

2020 ஏப்ரல் 20 வரை இந்தக் கேள்விக்குப் பலர் "போடலாம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பேரலுக்கு மைனஸ் 37.63 டாலரில் தீர்வானது. கொரோனாவால் வாங்க ஆளில்லை, ஒப்பந்தம் முடிந்தால் எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும், வைக்கத் தொட்டி இல்லை. "எடுத்துக்கொண்டு போ, நானே காசு தருகிறேன்" என்ற நிலைமை.

இங்கே இது எட்டாத தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. நம் ஊர்ப் பொருள் சந்தையான எம்சிஎக்ஸின் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் அந்த அமெரிக்க விலையை ஒட்டித் தீர்வாகிறது. லாக்டவுன் காரணமாக எம்சிஎக்ஸ் மாலை 5 மணிக்கே மூடிக்கொண்டிருந்தது. மூடும்போது பேரல் 900 ரூபாய்க்கு மேல். அமெரிக்காவில் விலை விழுந்தது நமக்கு இரவில். தீர்வு விலை மைனஸ் 2,884 ரூபாய். ஒரு லாட் 100 பேரல். வாங்கி வைத்திருந்தவர் போட்டதெல்லாம் போய், அதற்கு மேல் லாட்டுக்கு 2,88,400 ரூபாய் கட்ட வேண்டும், நடுவில் வெளியேற வழியும் இல்லை. நஷ்டத்தின் எல்லை பேரலின் முழு விலைதான் என்று மார்ஜின் (பிணையாகக் கட்டும் முன்பணம்) கணக்குப் போட்டவர்கள் என்ன செய்வார்கள்?

புரோகிராம் பக்கம் பல விதத்தில் உடைந்தது. அன்சைன்டு எண்ணில் மைனஸ் போட்டால் பிரம்மாண்டமான பாசிட்டிவ் எண் ஆகிவிடும். "விலை இல்லை" என்பதற்கு மைனஸ் 1 என்று அடையாளம் வைக்கிற பழக்கம் ஒன்று உண்டு, அந்த அடையாளம் இப்போது நிஜமான விலை. சில தரகர்களின் திரைகள் மைனஸ் விலையைக் காட்டவோ ஆர்டராக ஏற்கவோ மறுத்தன. கணக்குப் பக்கமும் அதே நேரத்தில் உடைந்தது: பிளாக்-ஷோல்ஸ் குடும்பத்து ஃபார்முலாக்களில் விலைக்கு லாகரிதம் எடுக்க வேண்டும், மைனஸ் எண்ணுக்கு லாகரிதம் கிடையாது. அந்த ஒப்பந்தம் நடக்கிற அமெரிக்காவின் சிஎம்இ சந்தை இரண்டே நாளில் எண்ணெய் ஆப்ஷன்களுக்கு பாஷ்லியே மாடலுக்கு மாறியது. லூயி பாஷ்லியே 1900-ல் பாரிஸில் ஆய்வேடாகக் கொடுத்தது அது. விலை சதவீதத்தில் நகராமல் ரூபாயில் நகரும் என்று வைப்பதால் சுழிக்குக் கீழே போகத் தடையில்லை. பல வருடமாக "விலை மைனஸ் ஆகிறதே" என்று குறையாகச் சொல்லப்பட்டது, அன்றைக்கு அந்தக் குறைக்காகவே தேவைப்பட்டது.

வேல்யூ அட் ரிஸ்க் (சுருக்கமாக விஏஆர்) கணக்கிட தினமும் எல்லாவற்றையும் வரிசைப்படுத்த வேண்டுமா? ஹீப் போடலாமா?

முதலில் அது என்ன என்று ஒரு வரி. 99 சதவீத விஏஆர் 10 லட்சம் என்றால், நூறு நாளில் 99 நாள் நஷ்டம் 10 லட்சத்துக்குள் இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். மீதி ஒரு நாள் எவ்வளவு போகும் என்பதைப் பற்றி அது வாயே திறக்காது.

கடந்த 250 நாளின் விலை மாற்றங்களை இன்றைய முதலீட்டின் மேல் போட்டுப் பார்க்கிற முறையில் இருப்பது வெறும் 250 எண். அதை வரிசைப்படுத்துவதற்கு ஹீப், ஸ்கிப் லிஸ்ட் என்று யோசிக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் ஆயிரம் முறை வரிசைப்படுத்தியிருக்கும். விட்டுவிடுங்கள். 10 லட்சம் மான்டே கார்லோ நிலைமைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன, மோசமான 25,000 மட்டும் வேண்டும் என்றால் ஹீப் சரி: உள்ளே இருப்பதில் மிகச் சிறிய நஷ்டம் உச்சியில் இருக்கும், அதைவிடப் பெரிய நஷ்டம் வந்தால் அதைத் தூக்கிவிட்டு இதைப் போடுங்கள். எல்லாம் ஏற்கெனவே அரேயில் இருந்தால் க்விக்செலக்ட் இன்னும் வேகம்.

ஏன் 25,000 என்றால், 2.5 சதவீதம். வங்கிகளுக்கான சர்வதேச விதிகளான பாசல் விதிகள் சந்தை ரிஸ்க்குக்கு 99 சதவீத விஏஆரிலிருந்து 97.5 சதவீத எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால் பக்கம் நகர்ந்துவிட்டன. வாலில், அதாவது மிக மோசமான அந்த 2.5 சதவீதத்தில், இருக்கிற நஷ்டங்களின் சராசரி அது. வாயே திறக்காத அந்த ஒரு நாளையும் கணக்கில் சேர்ப்பதற்காக.

டெஸ்க் (வங்கிக்குள் ஒரு வர்த்தகக் குழு) வாரியாக விஏஆர் இருக்கிறது. கூட்டினால் மொத்த வங்கியின் விஏஆர் வந்துவிடுமா?

வராது. பெரும்பாலும் கூட்டுத்தொகை நிஜத்தைவிட அதிகமாக இருக்கும், சரி, பாதுகாப்பான பக்கம்தானே என்று விட்டுவிடுவார்கள். ஆனால் எதிர்ப்பக்கமும் நடக்கும்.

இரண்டு கடன் பத்திரங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஒவ்வொன்றும் திவாலாக 4 சதவீதம் வாய்ப்பு, திவாலானால் 100 ரூபாய் போய்விடும். தனித்தனியாக 95 சதவீத விஏஆர் எவ்வளவு? சுழி, ஏனென்றால் நஷ்டத்தின் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றாவது திவாலாகும் வாய்ப்பு 7.84 சதவீதம். ஆக 95 சதவீத விஏஆர் 100 ரூபாய். சுழியும் சுழியும் சேர்ந்து நூறு. ஆர்ட்ஸ்னர், டெல்பேன், எபர், ஹீத் நால்வரும் 1999-ல் இந்தக் குறையை எடுத்துவைத்து, நல்ல ரிஸ்க் அளவுகோலுக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று வரையறுத்தார்கள்.

இதை டேட்டா ஸ்ட்ரக்சராக மொழிபெயர்த்தால்: வங்கி, பிரிவு, டெஸ்க், டிரேடர் என்று ஒரு ட்ரீ. இங்கே நிஜமான ட்ரீ. ஒவ்வொரு நோடிலும் விஏஆர் என்ற ஒற்றை எண்ணை வைத்தால் மேலே கூட்டிக்கொண்டு போக முடியாது. ஒவ்வொரு நிலைமையிலும் லாப நஷ்டம் எவ்வளவு என்ற முழு வரிசையை வைத்தால், அந்த வரிசைகளைக் கூட்டலாம். கூட்டிவிட்டு எந்த நோடில் வேண்டுமோ அங்கே விஏஆர் எடுத்துக்கொள்ளுங்கள். இடம் அதிகம் பிடிக்கும்தான். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒற்றை எண்ணை மட்டும் டேட்டாபேஸில் வைத்த சிஸ்டத்தைப் பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது. ஒரு நிபந்தனை: நிலைமைகளின் வரிசை எல்லா டெஸ்க்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவருடைய 17-வது நிலைமை இன்னொருவருடைய 17-வது நிலைமையாக இல்லாவிட்டால் கூட்டலுக்கு அர்த்தமே இல்லை.

500 பங்குகளுக்கு கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் போட்டு ஆப்டிமைசரில் விட்டேன். ரிஸ்க்கே இல்லாத போர்ட்ஃபோலியோ கிடைத்தது. பணக்காரனாகிவிட்டேனா?

எத்தனை நாள் டேட்டா? 250 என்றால் விஷயம் அங்கேதான். கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் என்பது எந்தப் பங்கு எதோடு எவ்வளவு சேர்ந்து நகர்கிறது என்ற அட்டவணை, 500 பங்குக்கு அதில் தனித்தனி எண்கள் 1,25,250. அவற்றை 250 நாளிலிருந்து மதிப்பிடுகிறீர்கள். அந்த மேட்ரிக்ஸின் ரேங்க், அதாவது ஒன்றையொன்று சாராத வரிசைகளின் எண்ணிக்கை, 249-ஐத் தாண்டாது. அதாவது, அந்த 250 நாளில் மட்டும் அசையாமல் நின்ற கலவைகள் கணக்கில்லாமல் இருக்கும், ஆப்டிமைசர் மோப்பம் பிடித்து நேராக அங்கே போய் உட்காரும். ரிஸ்க் குறைந்த கலவையைத் தேட மார்கோவிட்ஸ் 1952-ல் சொன்ன கணக்கு சரி, உள்ளே கொடுத்த மேட்ரிக்ஸ்தான் ஓட்டை.

வில்லியம் ஷார்ப் 1963-லேயே ஒரு வழி சொன்னார்: ஒவ்வொரு பங்கும் சந்தையோடு எவ்வளவு நகர்கிறது, தனியாக எவ்வளவு நகர்கிறது, இவ்வளவே போதும். பங்குக்கு இரண்டு எண், சந்தைக்கு ஒன்று, மொத்தம் 1,001. அன்றைக்குக் கம்ப்யூட்டர் நேரம் விலை உயர்ந்தது என்பதும் ஒரு காரணம். ஆனால் சிக்கனத்துக்காகச் செய்தது இன்றைக்கு வேறு காரணத்துக்காகப் பயன்படுகிறது, மெமரி கொட்டிக் கிடந்தாலும் டேட்டா கொட்டிக் கிடக்கவில்லை. சந்தை ஒன்று போதாது என்றால் துறை வாரியாகச் சில காரணிகளைச் சேர்க்கலாம், அல்லது லெடுவா-வுல்ஃப் முறையில் மேட்ரிக்ஸை எளிய வடிவத்தின் பக்கம் கொஞ்சம் இழுக்கலாம்.

பேக்டெஸ்டில், அதாவது பழைய டேட்டாவில் ஓட்டிப் பார்க்கும்போது, அட்டகாசமாக வருகிறது, நிஜத்தில் வருவதில்லை. ஏன்?

நூறு காரணம் இருக்கலாம், முதலில் டேபிளைப் பாருங்கள். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்து 2008-லிருந்து ஓட்டினீர்களா? அதில் சத்யம் இருக்காது. 2009 ஜனவரி 7-ல் நிறுவனரே கணக்கில் மோசடி என்று கடிதம் எழுதி, பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் விழுந்து, பிறகுதான் நிஃப்டியிலிருந்து எடுத்தார்கள். 2008-ல் நீங்கள் வாங்கியிருந்தால் அது உங்கள் கையில் இருந்திருக்கும். உங்கள் டேபிளுக்கு அது தெரியாது, பிழைத்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு "எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்" என்கிறது.

ஆக ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தேதி வேண்டும்: எந்த நாளைப் பற்றிய தகவல், எந்த நாளில் நமக்குத் தெரிந்தது. மார்ச் காலாண்டு முடிவு ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசிக்குள்தான் வெளிவரும். ஏப்ரல் 1-ல் அதை வைத்து வாங்கியதாக உங்கள் பேக்டெஸ்ட் சொன்னால், வருங்காலத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறது.

இதெல்லாம் கற்றால் ஆப்ஷனில் சம்பாதிக்கலாமா?

வேலை கிடைக்கும். சம்பாத்தியம் வேறு விஷயம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் இந்தப் பக்கத்தில் இருப்பதெல்லாம் தெரியும்.

எக்செல் போதுமா?

கற்றுக்கொள்ளப் போதும், நன்றாகவே போதும், ட்ரீயைச் செல்களில் போட்டுப் பார்த்தால் கண்ணுக்கு நேரே தெரியும். பெரிய பணத்தை அதன் மேல் வைக்காதீர்கள். 2012-ல் ஜேபி மோர்கனின் லண்டன் அலுவலகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் போனதே, அங்கே விஏஆர் மாடல் ஓடியது எக்செல் ஷீட்களில், ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் கையால் ஒட்டி ஒட்டி. ஒரு இடத்தில் இரண்டு எண்ணின் சராசரியால் வகுப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள் என்று வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே சொன்னது. ரிஸ்க் குறைவாகத் தெரிந்தது. நஷ்டத்துக்கு அது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் கண்ணைக் கட்டிவிட்டது.

நான் எழுதிய விலைக் கணக்கு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விடை தெரிந்த இடத்தில் சோதியுங்கள். கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஐரோப்பிய வகைக்கு ட்ரீயின் விலை பிளாக்-ஷோல்ஸ் விலையை நெருங்க வேண்டும். நேராக நெருங்காது, ஒற்றைப்படைக் கட்டத்துக்கு ஒரு பக்கமும் இரட்டைப்படைக்கு மறுபக்கமுமாகத் தாவித் தாவி வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுத்தது புட்-கால் பேரிட்டி: நடுவில் டிவிடெண்ட் இல்லையென்றால், ஐரோப்பிய கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்தால், பங்கு விலையிலிருந்து ஸ்ட்ரைக்கின் இன்றைய மதிப்பைக் கழித்தது வர வேண்டும், எந்த மாடலாக இருந்தாலும். மேலே உள்ள வட்டியில்லாத ட்ரீயில் கால் 5.25 வந்தது. புட் போட்டுப் பாருங்கள்: கடைசி வரிசை 0, 1, 19. ஒரு படி பின்னால் 0.50, 10. இன்னொரு படி, 5.25. வித்தியாசம் சுழி, 100-லிருந்து 100 போனாலும் சுழி. உங்கள் புரோகிராமில் இது பைசா சுத்தமாக வரவில்லை என்றால் முதலில் அரேயின் கடைசி இன்டெக்ஸைப் பாருங்கள், பத்துக்கு எட்டு முறை அங்கேதான் ஒன்று கூடவோ குறையவோ இருக்கும்.